தேயிலையின் பங்காளி

வைகறைத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் நம் கை நாடுவது ஒரு குவளைத் தேநீரை. விருந்தினர் வந்தாலும் தேநீர், களைப்பு வந்தாலும் தேநீர். அந்தத் தேயிலைச் செடிக்கு நம் மலைகளிலேயே, எவரும் நடாமல் தானாக வளர்ந்து நிற்கும் உறவு மரம் ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அம்மரத்தின் தாவரவியல் பெயர் கார்டோனியா ஒப்டூசா. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இது, நீலகிரி முதலிய இடங்களின் சோலைக்காடுகளில் வளரும் பசுமை மாறா மரம். தேயிலையும் இதுவும் 'தியேசி' எனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னாட் ஆகிய இரு தாவரவியலார் 1834ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் இம்மரத்தை விவரித்தனர். கார்டோனியா என்பது ஜேம்ஸ் கார்டன் என்ற இலண்டன் நாற்றுப்பண்ணையாளரின் நினைவாக அமைந்த பெயர். ஒப்டூசா என்ற இலத்தீன் சொல்லுக்கு மழுங்கியது என்று பொருள். இதன் இலை நுனி கூர்மையின்றி மழுங்கியிருப்பதே காரணம். இன்றைய அறிஞர்கள் ஆசிய இனங்களைப் பிரித்துப் 'பாலிஸ்போரா' எனும் பேரினத்தில் வைக்கின்றனர்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

பங்காளிகளின் முகச்சாயல் ஒத்திருப்பதுபோல், இவ்விரண்டிற்கும் சாயல் உண்டு. இரண்டின் இலைகளும் தடித்து, பளபளப்பாக, ஓரத்தில் சிறு பற்களுடன் மாறி மாறி அமைந்திருக்கும். இரண்டின் பூக்களும் வெண்ணிறமானவை. நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் எண்ணற்றுத் திரண்டிருக்கும். தோட்டத்தில் கொழுந்துக்காக ஓயாமல் கவாத்துச் செய்யப்படுவதால்தான் தேயிலை இடுப்பளவுப் புதராக நிற்கிறது. வெட்டாமல் விட்டால் அதுவும் மரமாகும்.

காயில்தான் இருவரும் பிரிகின்றனர். தேயிலையின் காய் பெரும்பாலும் மூன்று அறைகள் கொண்டது. உருண்டையான விதை தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். கார்டோனியாவின் காயோ மரம்போல் இறுகி, முற்றியபின் ஐந்து பிளவுகளாக வெடிக்கும். அதனுள் இருக்கும் விதைக்கு மெல்லிய இறகு உண்டு. காற்று அதனைச் சுமந்து சென்று வேறிடத்தில் சேர்க்கும்.

பங்காளி இழந்த நிலம்

தேயிலை இம்மண்ணில் பிறந்ததன்று, வடக்கேயிருந்து கொண்டுவரப்பட்டது. 1835ஆம் ஆண்டு நீலகிரியின் கேத்தியில் அரசுப் பண்ணையில் அது சோதனையாக நடப்பட்டது. 1850களுக்குப் பின் வணிகத் தோட்டங்கள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்க, 1968இல் தமிழக அரசும் தேயிலைத் திட்டம் தொடங்கியது. இவ்வாறு பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு எரிய வழி பிறந்தது. அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒவ்வொரு தோட்டமும் விரிந்தபோது, மலைச்சரிவின் காடு அந்த அளவு சுருங்கியது. வந்த உறவினன் செழிக்க, முன்பே வாழ்ந்த பங்காளி தன் நிலத்தை இழந்தான்.

தேயிலையைப்போல் பணம் ஈட்டித் தராத மரம் குறைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக்காட்டின் மண், உதிர்ந்த இலைகள் மக்கி, பஞ்சுபோல் மழைநீரை ஈர்த்து வைத்துக்கொள்கிறது. மழை ஓய்ந்த பின்னும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. நீலகிரியில் பிறக்கும் மோயாறு பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் சேர்கிறது. சமவெளியில் நாம் தேநீர் கொதிக்க வைக்கும் நீரிலும் அச்சோலையின் பங்கு இருக்கக்கூடும். ஒருமுறை அழிந்த சோலை எளிதில் மீளாது. அங்கே மரங்கள் மெல்லவே வளரும். வெளியே திறந்த வெளியில் உறைபனி இளங்கன்றுகளைக் கருக்கிவிடும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை உதகைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், தேயிலைத் தோட்டத்தின்முன் நின்று படமெடுப்பதோடு திரும்பிவிட வேண்டாம். அனுமதியுள்ள சோலைப் பாதையில் சிறிது தூரம் நடந்து பாருங்கள். ஐந்தாக வெடித்த மரக்காய் ஒன்று தரையில் கிடந்தால், எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். 'நாம் காலையில் குடித்த தேநீரின் பங்காளி இது' என்று சொல்லுங்கள். உறவு தெரிந்த பிள்ளை, வளர்ந்தபின் அதனை வெட்டத் துணியாது.