இராட்டினத்தின் வரலாறு

விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயிலில் நிகழும் பங்குனிப் பொங்கல் விழா பெயர் பெற்றதாகும். அதனையொட்டி நடைபெறும் பொருட்காட்சிக்கு ஆலங்குளம், சிவகாசி முதலிய ஊர்களிலிருந்து வருவோர் கண்ணில் முதற்கண் படுவது, வானளாவச் சுழலும் இராட்டினமே. சிறுவர் அதனைக் கண்டு துள்ளுவர், ஏறியபின் அஞ்சுவர், இறங்கியபின் மீண்டும் ஏற விழைவர். அவ்விராட்டினத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இராட்டினம் புதுவதன்று. மரத்தாற் செய்து, ஆட்கள் கையாற் சுழற்றிய இராட்டினங்கள் முன்னாளிலேயே இருந்தன. துருக்கியர் ஆட்சியிலிருந்த பல்கேரிய நாட்டில் இத்தகையவற்றை 1620ஆம் ஆண்டிற் கண்டதாகப் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலப் பயணி எழுதி வைத்துள்ளார். நம் நாட்டுத் திருவிழாக்களிலும், தொட்டில்கள் நான்கு பூட்டிய மர இராட்டினங்களைக் கையாற் சுழற்றுவதுண்டு.

1889இல் பாரிசு நகரப் பொருட்காட்சிக்கென எழுந்த ஈபெல் கோபுரம் உலகை வியப்பில் ஆழ்த்தியது. அதற்கு ஈடான ஒன்றை 1893இல் நடந்த சிகாகோப் பொருட்காட்சியில் அமைக்க அமெரிக்கர் விரும்பினர். பாலம் கட்டும் தொழிலில் வல்லவரான ஜார்ஜ் பெர்ரிசு என்பார் எஃகினால் ஒரு பெருஞ்சக்கரம் அமைக்க முன்வந்தார். இஃது இயலாதென்றே பலரும் கருதினர். அவரோ தளர்ந்திலர். 264 அடி உயரமுள்ள அவ்விராட்டினத்தில் 36 அறைகள் இருந்தன. அறைக்கு 60 பேராக, ஒரே வேளையில் 2,160 பேர் ஏறலாம். அதனை இயக்க ஒரு நீராவிப் பொறியே போதும். எனினும், பழுது நேரின் உதவும்பொருட்டு மற்றொன்றையும் அவர் வைத்தார்.

சக்கரம் சுழலும்போது தொட்டில் கவிழாமை ஏன்? தொட்டில் சக்கரத்தோடு இறுகப் பிணைக்கப்படுவதில்லை. தன் மேற்பகுதியில் உள்ள அச்சில் தொங்குகிறது. ஆதலின், சக்கரம் எப்பக்கம் திரும்பினும், தன் எடையால் தொட்டில் நேராகவே நிற்கும். ஒரு பக்கமே பாரம் மிகுந்தால் சுழற்சி சீர்கெடும். எதிரெதிர்த் தொட்டில்களில் ஆட்களை மாறிமாறி ஏற்றுவது இதுபற்றியே.

திருவிழா முடிந்ததும் பிரித்தெடுத்துச் செல்லப்படுவன சில இராட்டினங்கள். ஆண்டு முழுதும் நிலைத்திருக்கும் பொழுதுபோக்குப் பூங்காக்களும் பின்னர்த் தோன்றின. திரைப்படத் தயாரிப்பாளர் அப்பச்சன் 1995இல் தாம்பரத்தை அடுத்து நிறுவிய கிஷ்கிந்தா அவற்றுள் ஒன்று.

பெர்ரிசு தம் 37ஆம் வயதில், 1896இல் மறைந்தார். அவர் அமைத்த சக்கரமும் 1906இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயினும் ஆங்கிலத்தில் இராட்டினம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு சிறு சோர்வு பெருந்தீங்காய் முடியும் என்பதைப் பட்டாசுத் தொழில் நிகழும் சிவகாசி வட்டாரத்தார் நன்கறிவர். இராட்டினத்திற்கும் அஃது ஒக்கும். ஓர் ஆணி தளரினும், ஏறினவர் ஒருவர் இடையில் எழுந்து நிற்பினும் உயிர்க்கு ஊறு நேரும். மேலே இருப்போர் களிப்பு, கீழே நிற்போர் விழிப்பைப் பொறுத்தது. நாள்தோறும் ஆணியை முடுக்கி, அச்சிற்கு எண்ணெயிட்டு நிற்கும் அத்தொழிலாளரை நாம் நோக்குவதில்லை. அடுத்த முறை இராட்டினத்தினின்று இறங்கும்போது, அவருக்கு ஒரு நன்றி கூறுதல் நம் கடனன்றோ?