அவசர கருத்தடை மாத்திரையும் மாதவிடாய் சுழற்சியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மாதவிடாய் சுழற்சியைக் கற்பிக்கிறோம். அவசர கருத்தடை மாத்திரை அச்சுழற்சியை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. தேவையற்ற அச்சத்தையும் ஆபத்தான காலதாமதத்தையும் அது தவிர்க்கும்.

செயல்படும் விதம்

சுழற்சியின் நடுப்பகுதியில் லூட்டினைசிங் ஹார்மோன் திடீரென உயர்வதால் அண்டம் விடுபடுகிறது. பரவலாகப் பயன்படும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை, புரோஜெஸ்டிரானை ஒத்த செயற்கை ஹார்மோன். ஹார்மோன் உயர்வு தொடங்குமுன் உட்கொண்டால், அண்டம் விடுபடுவதைத் தடுக்கும் அல்லது தள்ளிப்போடும். அண்டம் விடுபட்ட பின் பலன் இராது. எனவேதான் பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக உட்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உண்டான கருவை இது கலைப்பதில்லை.

அடுத்த மாதவிடாய்

பெரும்பாலானோருக்கு எதிர்பார்த்த நாளுக்கு ஒரு வாரம் முன்பின்னாக மாதவிடாய் வரும். சுழற்சியின் தொடக்கத்தில் உட்கொண்டால் முன்னதாகவும், பிற்பகுதியில் உட்கொண்டால் தாமதமாகவும் வரக்கூடும். இடையில் சிறிது இரத்தக்கசிவு ஏற்படலாம். அதை மாதவிடாய் என்று எண்ணி நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

• மாதவிடாய் 7 நாள்களுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும்.
• அடிவயிற்றில் கடும் வலி இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கவும் கூடும்.
• அண்டம் விடுபடுவது தள்ளிப்போவதால், மாத்திரைக்குப் பின் நிகழும் உடலுறவுக்குப் பாதுகாப்பு இல்லை.
• இது மலட்டுத்தன்மையை உண்டாக்காது. ஆனால் அடிக்கடி பயன்படுத்தினால் சுழற்சி ஒழுங்கற்றுப் போகும். வழக்கமான கருத்தடை முறைக்கு இது மாற்றன்று.

பள்ளியில் நம் பொறுப்பு

பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கின்றி இருப்பது இயல்பு. மாதவிடாய் தள்ளிப்போனது என்பதற்காக எந்த மாணவியையும் ஐயக்கண்ணோடு பார்க்கலாகாது.

அதே நேரத்தில், 18 வயது நிறையாத குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானதாக நம்மிடம் கூறினால், காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டம் 2012-இன்படி கட்டாயம். 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். அவசர மருத்துவ உதவிக்குக் காவல்துறையின் கடிதம் வரட்டும் எனக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த 72 மணி நேரத்தில் ஒவ்வொரு மணியும் முக்கியம். ‘நாளை பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவோம். குழந்தையின் பெயரை எவரிடமும் பேசாமல் காப்போம்.