ஏகாம்ர நிவாஸிலிருந்து தரமணி வரை

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருந்த 'ஏகாம்ர நிவாஸ்', அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்ற சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. சட்டம் புழங்கிய அந்த வீட்டில், 1950களின் இறுதியில், அடிப்படைத் துகள்களைப் பற்றி இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதிட்டார்கள். அவர்களைக் கூட்டி வைத்தவர் ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர்.

அவருடைய கணிதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். விண்ணிலிருந்து பாய்ந்து வரும் ஒரு காஸ்மிக் கதிர்த் துகள் காற்றில் மோதிப் பல துகள்களை உண்டாக்குகிறது. அவையும் மோதிப் பெருகுகின்றன. எத்தனை துகள்கள் என்று எண்ணுவது மட்டும்தான் வேலை என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு துகளுக்கும் ஓர் ஆற்றல் உண்டு; அது எந்த மதிப்பாகவும் இருக்கலாம். மான்செஸ்டரில் புள்ளியியலாளர் பார்ட்லெட்டிடம் ஆய்வு செய்தபோது ராமகிருஷ்ணன் இதற்கொரு வழி கண்டார். ஆற்றலின் அளவுகோலை மிக மிகச் சிறிய துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டில் ஒரு துகள் இருக்கும், அல்லது இருக்காது. இரண்டு இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கில் கொள்ளவே வேண்டாம். ஆகவே அந்தத் துண்டில் சராசரி எத்தனை துகள் என்பதும், துகள் இருப்பதற்கான நிகழ்தகவும் ஒன்றாகிவிடுகின்றன. இரு வேறு துண்டுகளில் ஒருசேரத் துகள்கள் இருப்பதன் நிகழ்தகவையும் எழுதிவிட்டால், எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் கைக்கு வந்துவிடும். 1950இல் வெளிவந்த இந்த முறைக்கு 'ப்ராடக்ட் டென்சிட்டி' என்று பெயர். ஏறக்குறைய அதே சமயத்தில் இயற்பியலாளர் ஹோமி பாபாவும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். இதை மட்டும் செய்திருந்தாலும் ராமகிருஷ்ணன் பெயர் நின்றிருக்கும்.

ஆனால் அவர் 1957-58இல் பிரின்ஸ்டனில், ஓப்பன்ஹைமர் தலைமையில் இயங்கிய உயர் ஆய்வு நிறுவனத்தில் இருந்துவிட்டு வந்தார். புதிய கருத்துகள் அச்சேறும் முன்பே பேச்சில் புழங்கும் இடம் அது. சென்னையிலோ வெளிநாட்டு ஆய்விதழ்கள் கப்பலில் வந்து சேரவே மாதங்கள் ஆகும். இதழுக்காகக் காத்திருப்பதைவிட ஆட்களையே வரவழைத்துவிடலாம் என்று அவர் துணிந்தார். வீட்டிலேயே கருத்தரங்கு தொடங்கியது. இயற்பியலாளர் அப்துஸ் சலாம் வந்தார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்தார். அணுவின் அமைப்பை வகுத்துச் சொன்ன அந்த மனிதர், பம்பாயில் பாபா கட்டியெழுப்பிய பெரிய நிறுவனத்தோடு சேர்த்து, சென்னையில் ராமகிருஷ்ணன் உருவாக்கிய இந்தச் சிறிய மாணவர் குழுவையும் பத்திரிகையாளர்களிடம் பாராட்டிப் பேசினார்.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் பின்னால் நின்றார். 1961இல் நேரு இந்த மாணவர்களைச் சந்தித்தார். 1962 ஜனவரி 3ஆம் தேதி மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்கி வைத்தவர், அதே கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 'மேட்சயன்ஸ்' என்று ஊர் அழைத்த அந்த நிறுவனத்துக்கு ராமகிருஷ்ணன் 1983 வரை இயக்குநர். அங்கு வந்தவர்கள் ஆற்றிய உரைகள் பத்துத் தொகுதிகளாக வெளிநாட்டில் அச்சாயின. கேரளச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து அவரிடம் ஆய்வு செய்த தய்யூர் ராதா, 1965இல் ஓப்பன்ஹைமரின் அழைப்பில் பிரின்ஸ்டன் போனார். பெண்கள் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வருவதே அபூர்வமான காலம் அது.

இன்று அந்த நிறுவனம் தரமணியில், மத்திய அணுசக்தித் துறையின் ஆதரவில் இயங்குகிறது. கோட்பாட்டு இயற்பியலும் கணிதமும் மட்டுமல்ல, கணினி அறிவியலும் கணிப்பிய உயிரியலும் அங்கே நடக்கின்றன. கப்பலுக்குக் காத்திருந்த ஊரில், உலக இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே இடும் 'ஆர்க்சைவ்' தளத்தின் இந்தியப் பிரதியையே இந்த நிறுவனம் வைத்து நடத்தியது. இப்போது காலை எழுந்ததும் பிரின்ஸ்டன் மாணவர் படிக்கும் கட்டுரையைத் திருநெல்வேலி மாணவியும் படிக்கலாம். இது சாதாரண மாற்றமில்லை.

இருந்தாலும் ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். ஏகாம்ர நிவாஸில் அமர்ந்திருந்தவர்கள் பல்கலைக்கழகத்து இளைஞர்கள். வகுப்பில் பாடம் சொல்லும் ஆசிரியரே அவர்களை ஆராய்ச்சிக்கும் அழைத்துப் போனார். பிறகு நாடெங்கும் ஆராய்ச்சி தனி நிறுவனங்களுக்கு இடம் பெயர்ந்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளோடு நின்றது. ராமகிருஷ்ணன் கட்டியதும் அப்படியொரு தனி நிறுவனம்தான். அன்றைய பல்கலைக்கழகத்துக்குள் அவர் நினைத்த வேகத்தில் எதுவும் நடந்திருக்காது என்பதால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலை கொடுத்தது பல்கலைக்கழகம். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இன்று பேராசிரியர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வரும் கௌரவ விரிவுரையாளர்கள் குவாண்டம் இயக்கவியல் நடத்துகிறார்கள். தரமணி நிறுவனம் கோடையில் முதுகலை மாணவர்களை அழைத்துப் பயிற்சி தருகிறது. அங்கே இடம் கிடைப்பது சிலருக்கே. மற்றவர்களுக்குக் கட்டுரை கைபேசியில் இருக்கிறது. அதில் மூன்றாவது வரி புரியாதபோது எழுந்து போய்க் கேட்க, தங்கள் துறையிலேயே நிரந்தரமாக ஒரு பேராசிரியர் வேண்டும்.