மலிவான ரோஜா மணம் எப்படிச் சாத்தியம்?

பல்கேரியாவின் கஸன்லிக் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 3,500 கிலோ ரோஜா இதழ்களை வாலையிலிட்டு வடித்தால் ஒரு கிலோ தைலமே கிட்டும் என்று அறிந்தவர்க்கு, கிராம்பும் ரோஜாவும் கலந்து மணக்கும் செல்வந்தர்களின் சுகந்தத்தை ஒத்த பரிமளம், அதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கடையில் கிடைப்பது விந்தையாகத் தோன்றுவது இயல்பே.

விடை, நகலெடுப்பதில் இருக்கிறது: காஸ் குரோமட்டோகிராபி என்னும் முறையில், மூலச் சுகந்தத்தை ஆவியாக்கி மெல்லிய நீண்ட குழாயொன்றில் செலுத்த, அதன் கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவர, அவற்றின் அளவை ரசாயன சாஸ்திரி கணித்துவிடுகிறார். ரோஜாவின் பிரதான கூறுகளாகிய சிட்ரோனெல்லால், ஜெரானியால், ஃபினைல் எத்தில் ஆல்கஹால் மூன்றும் தொழிற்சாலையிலேயே மலிவாக உற்பத்தியாகின்றன. காரத்துக்கு வேண்டிய யூஜினாலோ கிராம்பெண்ணெயின் பெரும்பகுதி. (ரோஜாத் தைலத்திலும் அது சொற்பம் உண்டு, இவ்விரு மணங்களும் இணங்குவதன் ரகசியம் அதுவோ என்று எனக்கொரு சந்தேகம்.)

ஆயினும், தைலத்தில் ஒரு சதவீதத்துக்கும் வெகு குறைவாக உள்ள டமாஸினோன் என்னும் கூறு, நாசியை ஆட்கொள்ளும் சக்தியில் அம்மூன்றையும் விஞ்சக்கூடியது. இத்தகைய நுண்கூறுகள் அனைத்தையும் சேர்க்கப் புகுந்தால் மலிவு போய்விடும். ஆகவே அவற்றுள் பல விடப்படுகின்றன; அதனால் முதல் கணத்தில் மூலத்தைப் போலவே மயக்கும் நகல், கூறுக்குக் கூறு ஆவியாகும் வேகம் மாறுபடுவதால், சில மணி நேரத்தில் வேறொரு மணமாகத் தேய்ந்து நிற்பதுண்டு.

நகலெடுப்பது நியாயமா எனில், 2006-இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் வாசனைக்குப் பதிப்புரிமை இல்லையென்றது; அதே மாதம் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றமோ உண்டென்றது.