பிளாட் போட்டவர் விட்டுப்போன பாலம்: ஊராட்சி ஏற்கும் முன் பார்க்க வேண்டியவை

நஞ்சை நிலங்களுக்கு நடுவே மனைப்பிரிவு முளைப்பது இன்று எந்த மாவட்டத்துக்கும் புதிதல்ல. மனைக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஒரு பாசன வாய்க்காலோ வடிகாலோ குறுக்கிடும். பிளாட் போடுகிறவர் மூன்று, நான்கு சிமென்ட் குழாய்களை வாய்க்காலில் இறக்கி, மேலே கிராவல் கொட்டி, லாரி போக வழி செய்துகொள்வார். கேட்டால், 'தற்காலிகம்தான், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவோம்' என்பார். மனைகள் விற்றுத் தீர்ந்ததும் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பாலம் அங்கேயே இருக்கும். அதற்குள் அக்கரையில் நிலம் வைத்திருப்பவர்களும் டிராக்டரையும் அறுவடை வண்டியையும் அதன் மேல் ஓட்டிப் பழகியிருப்பார்கள்.

ஐப்பசி மழையில் குழாய் அடைத்து, மேல்பக்க வயல்களில் தண்ணீர் ஏறும்போதுதான் 'இது யாருடைய பாலம்?' என்ற கேள்வி வரும். 'எங்களிடம் அனுமதி வாங்கவில்லை' என்பார்கள் நீர்வளத்துறையில். 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்பார்கள் ஊராட்சியில். பிளாட் போட்டவரைப் பிடித்தால், 'எல்லாவற்றையும் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேனே' என்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். சிக்கலே அதுதான்.

எழுதிக் கொடுத்தது எது?

மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் கிடைக்க வேண்டுமானால், அதன் உள்ளே உள்ள சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக மிஞ்சும் இடத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்குவதற்கும் விதி இருக்கிறது. இவையெல்லாம் அவருடைய பட்டா நிலத்துக்குள் உள்ளவை.

பாலம் நிற்பதோ வாய்க்கால் புறம்போக்கில். அந்த இடம் அரசுக்குச் சொந்தம். தனக்குச் சொந்தமில்லாத இடத்தை யாரும் தானமாக எழுதிக் கொடுக்க முடியாது. குழாயையும் மண்ணையும் வேண்டுமானால் ஒப்படைக்கலாம். அது நிற்கும் இடத்துக்கு வாய்க்காலைப் பராமரிக்கும் துறையின் அனுமதி தனியாக வேண்டும். எனவே தானப் பத்திரத்தின் நகலை வாங்கி, அதில் உள்ள புல எண்களை 'அ' பதிவேட்டோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. வாய்க்காலின் புல எண் பத்திரத்தில் இல்லையென்றால், பாலம் இன்னும் யாருக்கும் கைமாறவில்லை என்று பொருள்.

கைமாறிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, கிராமச் சாலைகளையும் அவற்றின் மேல் உள்ள பாலங்கள், சிறுபாலங்களையும் பராமரிப்பது ஊராட்சியின் கட்டாயக் கடமை. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அடைப்பு எடுப்பதும், உடைந்த குழாயை மாற்றுவதும், கைப்பிடிச் சுவர் இல்லாமல் யாராவது விழுந்தால் பதில் சொல்வதும் ஊராட்சியின் பொறுப்பு. ஊராட்சிப் பணம் என்பது ஊர் மக்கள் பணம். மலிவாகப் போட்ட பாலத்தை அப்படியே வாங்கிக்கொள்வது, பிளாட் போட்டவரின் செலவை ஊர்மீது ஏற்றிக்கொள்வதுதான்.

குழாயின் வாய் எவ்வளவு?

இதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. ஒரு டேப் போதும். அடி அகலம் 3 மீட்டர், தண்ணீர் உயரம் 1.2 மீட்டர், கரை இரு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சரிவு உள்ள வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அதில் 600 மில்லிமீட்டர் குழாய் மூன்று போட்டிருந்தால், மூன்றின் வாயும் சேர்ந்து 0.85 சதுர மீட்டர்தான். வாய்க்காலில் ஆறில் ஒரு பங்கு! மீதித் தண்ணீர் எங்கே போகும்? மேல்பக்கம் தேங்கி வயலில் ஏறும், அல்லது பாலத்து மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அதே இடத்தில் 1,200 மில்லிமீட்டர் குழாய் நான்கு போட்டால் 4.5 சதுர மீட்டர் கிடைக்கும். ஆனால் 3 மீட்டர் அடியில் நான்கு பெரிய குழாய் அடங்காது. கரையை அகலப்படுத்த வேண்டிவரும். அதனால்தான் இப்படிப்பட்ட வாய்க்கால்களில் நடுவே தடை இல்லாத கான்கிரீட் பலகைப் பாலமோ பெட்டிப் பாலமோ போடுவது நல்லது. செலவு கூடும். அந்தச் செலவைச் செய்ய வேண்டியவர் யார் என்பதுதான் பேச்சு.

கணக்கில் வராத இன்னொன்று ஆகாயத்தாமரையும் கருவேல முள்ளும். சின்னக் குழாயின் வாயில் ஒரு முள் கொப்பு சிக்கினால் போதும், அடுத்தடுத்து வரும் செத்தை எல்லாம் அங்கே சேரும். ஆள் குனிந்து நுழைந்து வண்டல் எடுக்க முடியாத குழாயில் ஒருமுறை அடைத்த அடைப்பு அவ்வளவு எளிதில் போகாது. குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட உயரமாக இருந்தால் கோடையில் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மழையில் தலைமடை மூழ்கும். இரண்டு பக்கமும் நட்டம்.

சுமையையும் பார்க்க வேண்டும். குழாய்களில் என்.பி.2, என்.பி.3, என்.பி.4 என்று வகைகள் உண்டு. முதலாவது இலேசான போக்குவரத்துக்கு, அடுத்தது நடுத்தரப் போக்குவரத்துக்கு, கடைசியானது கனரக வண்டிகளுக்கு. குழாயின் மேலேயே வகை எழுதியிருக்கும். குழாய்க்கு மேல் குறைந்தது 600 மில்லிமீட்டர் மண் மூடல் வேண்டும். மழையில் கிராவல் கரைந்து குழாயின் முதுகு வெளியே தெரிந்தால், கரும்பு ஏற்றிய டிரெய்லர் போகும்போது உடைய எவ்வளவு நேரம் ஆகும்?

பெரிய பாலங்களுக்கே வெள்ளம் இரக்கம் காட்டுவதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது, தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சில மாதங்களுக்கு முன்னர்தான் திறக்கப்பட்ட பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சாக்கில் மண் நிரப்பிக் கட்டிய குழாய்ப் பாலம் எம்மாத்திரம்?

ஏற்கலாம், ஆனால் நிபந்தனையோடு

'எடுத்துவிடு' என்று சொல்வது எளிது. பாலம் போனால் அக்கரை நிலத்துக்காரர்கள் தழைச்சத்து மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டும். அறுவடை வண்டி பல கிலோமீட்டர் சுற்றி வரவேண்டும். பயன்படும் பாலத்தை ஒழுங்குபடுத்தி ஏற்பதே பல ஊர்களில் சரியான வழி. அதற்கு முன் ஒன்றியப் பொறியாளரும் நீர்வளத்துறைப் பொறியாளரும் ஒன்றாக இடத்தைப் பார்த்து, தேவையான நீர்வழி அளவை எழுத்தில் தரவேண்டும். அந்த அளவுக்குப் பிளாட் போட்டவர் தன் செலவில் மாற்றிக் கட்டித் தரவேண்டும். பழைய குழாய், கொட்டிய மண் எல்லாம் வாய்க்காலைவிட்டு வெளியேற வேண்டும். இதை மட்டும் யாரும் கண்டிப்பாகக் கேட்பதில்லை. பாதி உடைந்த குழாய் புதுப் பாலத்தின் காலடியிலேயே கிடக்கும். இவை முடிந்த பிறகு ஊராட்சித் தீர்மானம், சொத்துப் பதிவேட்டில் பதிவு.

கேட்க வேண்டிய நேரம், மனைப்பிரிவு இறுதி ஒப்புதலுக்கு முன். அதுவரை பிளாட் போட்டவருக்கு ஊராட்சி தேவை. அதற்குப் பிறகு ஊராட்சிக்குத்தான் அவர் தேவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் இதைப் பொருளாக வைத்துத் தீர்மானம் போடலாம். மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் தீர்மான நகலோடு, குழாய் அளவையும் படத்தையும் வைத்து மனு கொடுத்தால் இரு துறைகளும் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும்.

வாசகர் கேள்விகள்

பாலத்தால் வயல் மூழ்குகிறது. நாங்களே பொக்லைன் வைத்து உடைத்துவிடலாமா?

வேண்டாம். வழக்கு உங்கள்மீது திரும்பும். அனுமதியின்றி வாய்க்கால் புறம்போக்கில் கட்டியது 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வரும். வட்டாட்சியருக்கும் நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மழைக்காலத்தில் அவசரமாக அடைப்பு எடுக்க ஊராட்சியையும் கிராம நிர்வாக அலுவலரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு சம்பா நெல் மஞ்சளாக நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் வயலை நன்றாக வடியவிடுங்கள். பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். ஆண்டுதோறும் மூழ்கும் வயலென்றால் அடுத்த சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப்-1 ரகத்தைப் பாருங்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும்.