உடற்றகுதிப் பயிற்றுநரும் உதைபந்தாட்ட அணியும்

தோல்விமேல் தோல்வி கண்டு தளர்ந்த அணியொன்று உடற்றகுதிப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்துகின்றது. அதன்பின் வெற்றி வாய்ப்பின் புகழ் முழுவதும் அவரைச் சாரும். வாய்க்காதொழியின் பழி முழுவதும் அவர் தலைமேல் ஏறும். இரண்டும் ஆராயாது வழங்கப்படுந் தீர்ப்புகளே. ஒருவரைத் தெரிந்து கொள்வதைத் ‘தெரிந்துதெளிதல்’ என்றும், அவரை வினையில் அமர்த்துவதைத் ‘தெரிந்துவினையாடல்’ என்றும் திருவள்ளுவர் இரு வேறு அதிகாரங்களாக வகுத்தார். எவ்வினை ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவ்வினையைக் கொண்டே அவரை அளத்தல் வேண்டும்.

உடற்றகுதிப் பயிற்றுநரின் வினை யாது? தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் நடுக்கள வீரனொருவன் ஏறத்தாழ 10 அல்லது 11 கிலோமீற்றர் தூரம் இயங்குகின்றான். அதிற் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமாகும். ஆயினும், ஆட்டத்தின் போக்கை மாற்றுவன இடையிடையே நிகழும் விரைவோட்டங்களே. தசைகளிற் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் என்னும் மாப்பொருள் குறையக் குறைய அவ்விரைவோட்டங்கள் அருகுகின்றன. எனவே, இறுதிக் கால்மணி நேரத்திலும் வீரன் விரைந்தோடும் ஆற்றலைப் பேணலும், காயங்களைக் குறைத்தலுமே அவர் கடமை. பந்தைக் குறிபார்த்து உதைத்தலும் ஆட்ட வியூகமும் பிறர் பொறுப்பின.

இவ்வுண்மையை விளக்க இந்திய தேசிய அணியின் வரலாறு துணைபுரிகின்றது. 2015ஆம் ஆண்டில் ஸ்ரீபன் கொன்ஸ்ரன்ரைன் இரண்டாம் முறையாக அவ்வணியின் தலைமைப் பயிற்றுநரானார். அவுஸ்திரேலியரான டானி டீகன் அவர்தம் குழுவில் உடற்றகுதிப் பொறுப்பை ஏற்றார். 2015 மார்ச்சில் உலகத் தரவரிசையில் 173ஆம் இடத்திலிருந்த அணி, 2017 யூலையில் 96ஆம் இடத்தை எய்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் மக்காவோவை 4–1 என வென்று, 2019ஆம் ஆண்டின் ஆசியக் கிண்ணப் போட்டிக்குந் தகுதிபெற்றது. இவ்வுயர்வை உடற்பயிற்சியின் விளைவெனக் கூறல் எளிது, நிறுவுதல் அரிது.

காரணங்கள் பல. முதலாவது, 173 என்பது அவ்வணி கண்ட மிகத் தாழ்ந்த இடம். கடுங்காய்ச்சலின் உச்சத்தில் வைத்தியரை அழைப்பவன், காய்ச்சல் தானே தணியினும் அதனை மருந்தின் பயனென்பான். அணிகளும் தாழ்வின் எல்லையில் நிற்கும்போதே புதியவரை நாடுகின்றன. இரண்டாவது, எதிரணிகளின் வலிமை ஒருதன்மைத்தன்று. 2015–16இல் ஈரான், ஓமான், துர்க்மெனிஸ்தான், குவாம் என்பனவற்றுடன் ஆடிய உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள் எட்டில் ஏழை இந்தியா இழந்தது. பின்னர் ஈட்டிய வெற்றிகளுட் சில லாவோஸ், மக்காவோ, மொரீசியஸ் ஆகிய வலிமை குன்றிய அணிகளுக்கு எதிராக வந்தவை. மூன்றாவது, ஆசியக் கிண்ணத்தில் ஆடும் அணிகளின் தொகை 16இலிருந்து 24ஆக உயர்த்தப்பட்டது, வாயில் அகன்றது. நான்காவது, தலைமைப் பயிற்றுநர் இளைஞர் பலரைப் புதிதாகச் சேர்த்திருந்தார்.

தரவரிசை சான்றாகாதெனின், ஆட்டத்தின் பிற்பகுதியை நோக்கலாம். 2019 சனவரி 6ஆந் திகதி தாய்லாந்தை இந்தியா 4–1 என வென்றது. 1964இன் பின் ஆசியக் கிண்ணத்தில் அதற்குக் கிடைத்த முதல் வெற்றி இதுவே. நான்கு கோல்களில் மூன்று இடைவேளைக்குப் பின் பெறப்பட்டன. எட்டு நாள் கழித்துப் பஹ்ரெயினுடன் ஆடியபோது, 91ஆம் நிமிடத்துத் தண்ட உதையால் 0–1 எனத் தோற்று, போட்டியினின்றும் வெளியேறியது. முதலாட்டத்தை மட்டும் கண்டோர் பயிற்றுநரைப் போற்றுவர். மற்றையதை மட்டும் கண்டோர் தூற்றுவர். ஓராட்டம் தீர்ப்பாகாது. இறுதிக் கால்மணியில் அடித்த கோல்களையும் விட்ட கோல்களையும், அவர் வருமுன்னும் வந்த பின்னும் ஒத்த வலிமையுடைய அணிகளோடு ஆடிய பல ஆட்டங்களிற் கணக்கிட்டு ஒப்பிடுதலே முறை.

அவருக்குக் கிடைத்த காலத்தையும் கருதுதல் நீதி. 2002க்கு முன் ஐந்து உலகக் கிண்ணப் போட்டிகளில் 14 ஆட்டங்களாடி ஒன்றிலேனும் வெல்லாத தென்கொரியா, அவ்வாண்டு அரையிறுதியை அடைந்தது. இத்தாலியுடனான ஆட்டத்தில் 88ஆம் நிமிடத்திற் சமன்செய்து, மேலதிக நேரத்தின் 117ஆம் நிமிடத்தில் வென்றது. அவ்வணியின் உடற்றகுதிப் பணியில் ஒல்லாந்தரான றேமண்ட் வெர்ஹையன் ஈடுபட்டிருந்தார். சொந்த மண்ணில் ஆடிய நன்மை அவ்வணிக்கு இருந்தது உண்மையே. எனினும், கழகங்கள் வீரர்களை நீண்டகாலப் பயிற்சிக்கு விடுவித்தமையும் மறத்தற்பாலதன்று. ஆண்டிற் பெரும்பகுதியைக் கழகங்களிற் கழிக்கும் இந்திய வீரர்களைச் சில நாட்களே காணும் பயிற்றுநரிடம் அத்துணைப் பயனை எதிர்பார்த்தல் தகாது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை அணிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். செய்மதிக் கருவிகள் இல்லையெனினும், கைக்கடிகாரமும் குறிப்பேடும் போதும். இருபது மீற்றர் தூரத்தை ஓடித் திரும்பிச் சிறிது இளைப்பாறி மீண்டும் ஓடுஞ் சோதனையைத் தவணைத் தொடக்கத்திலும் நடுவிலும் நடத்தலாம். காயத்தால் மாணவர் இழந்த நாட்களை எழுதிவைக்கலாம். தோல்விக்குத் தண்டனையாக நண்பகல் வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கும் வழக்கம் உடற்றகுதியை வளர்ப்பதன்று. காயத்தையும் வெறுப்பையுமே வளர்ப்பது. வெற்றிப் பலகையை மட்டும் நோக்கிப் பயிற்றுநரை மாற்றும் பாடசாலை, நல்லவரை இழத்தலும் அல்லாதவரைப் போற்றலும் கூடும். அதன் விளைவை நுகர்வோர் மாணவரே.