பொம்மைக்குள் ஓர் இதயம்

குழந்தை என்ன பொம்மை கேட்கிறது என்று பார்த்துக் கடை வைப்பவர் பலர். அந்தப் பொம்மையைக் குழந்தையே செய்யட்டும் என்று கடை வைத்தவர் மாக்ஸின் கிளார்க் என்ற அமெரிக்கப் பெண்மணி.

அவர் ஒரு பெரிய காலணி நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். ஒருநாள் தோழியின் பத்து வயது மகளோடு பொம்மை வாங்கப் போனார். தேடியது கிடைக்கவில்லை. இதை நாமே செய்துவிடலாமே என்றாள் சிறுமி. அவள் சொன்னது வீட்டில் உட்கார்ந்து தைப்பதை. கிளார்க்குக்கோ அதில் ஒரு வியாபாரமே தெரிந்தது. 1997-ல் செயின்ட் லூயிஸ் நகரில் 'பில்ட்-எ-பேர் வொர்க்ஷாப்' பிறந்தது.

ரயில்வே பணிமனைகளில் பழகிய என் போன்றோருக்கு அந்தக் கடை ஒரு குட்டிப் பணிமனை. ஒரு வேலை முடிந்ததும் பொம்மை அடுத்த இடத்துக்கு நகரும். முதலில் பஞ்சு அடைக்காத வெறும் கரடித் தோலைக் குழந்தை தேர்ந்தெடுக்கிறது. பிறகு இயந்திரத்தில் பஞ்சு அடைக்கிறார்கள். கெட்டியாகவா, மெத்தென்றா என்பது குழந்தையின் விருப்பம். தைத்து மூடுவதற்கு முன், துணியாலான சின்ன இதயம் ஒன்றைக் கையில் வைத்து, மனத்தில் ஓர் ஆசையை நினைத்து, குழந்தையே உள்ளே வைக்கிறது. அதன்பின் உடை, பெயர், பிறப்புச் சான்றிதழ்!

இதன் கணக்கு எளிது. உதாரணமாக 20 வகைத் தோலும் 30 வகை உடையும் இருந்தால் 600 விதமான பொம்மைகள் கிடைக்கும். ஆனால் 600 பொம்மைகளைச் செய்து அடுக்கிவைக்க வேண்டியதில்லை. அந்த உடைகளுக்கெல்லாம் தனி விலை உண்டு என்பதால் பெற்றோரின் பணப்பை இளைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பொம்மைக்குள் ஓர் அடையாளக் குறியீடும் வைக்கிறார்கள். தொலைந்த கரடி கடைக்கு வந்து சேர்ந்தால், அதைக்கொண்டு உரிய குழந்தையைக் கண்டுபிடிக்கலாம். நம் சரக்கு வேகன்களுக்கு 11 இலக்க எண் இருப்பதுபோலத்தான்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2018 ஜூலை 12 அன்று, 'குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை டாலர் கொடுத்தால் போதும்' என்று அறிவித்தார்கள். கூட்டம் தாங்காமல் பல ஊர்களில் வரிசையை மூடி, ஏமாந்தவர்களுக்குத் தள்ளுபடிச் சீட்டு கொடுக்க நேர்ந்தது. ஒவ்வொருவரையும் தனித்துக் கவனிப்பதே உன் சிறப்பு என்றால், ஆயிரம் பேரை ஒரே நாளில் அழைக்கலாமா? ஒற்றைப் பாதையில் எத்தனை வண்டிதான் ஓடும்?

அதே 2018-ல்தான் 'டாய்ஸ் ஆர் அஸ்' என்ற பெரும் நிறுவனம் தன் அமெரிக்கக் கடைகளை மூடியது. 2005-ல் அது கைமாறியபோது ஏறிய கடன் சுமை முக்கியக் காரணம். ஆயினும் வேறொன்றையும் மறுக்க முடியாது. அலமாரியில் அடுக்கிய அதே பொம்மை வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தால், மக்கள் அங்கே போகத்தானே செய்வார்கள்?

வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு இது புதிய பாடமல்ல. மொழி தெரியாமல் வந்த நாட்களில் நம் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்ட மளிகைக்காரரிடம்தானே இன்றும் போகிறோம்! பொம்மைக் கடைக்காரரும் குழந்தையின் பெயரைக் கேட்கட்டும். பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்க்க விடட்டும். அதற்கு இயந்திரமோ பெரிய முதலோ தேவையில்லை. நாமும் பேரனுக்கோ பேத்திக்கோ வாங்கும்போது அவசரப்படுத்தாமல் அரைமணி நேரம் கடையில் நிற்போம். பொம்மையை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெயரையும் அவர்களே வைக்கட்டும்.